சின்ன டிங்கரிங்-பெயின்டிங் பட்டறைக்கு கம்ப்ரசர்: தேர்வு செய்வதும் பூட்டுவதும்

ஒரே நேரத்தில் இரண்டு கார் நிற்கிற ஷெட், டிங்கர் ஒருவர், பெயின்டர் ஒருவர், கூட ஒரு பையன். இந்த அளவுப் பட்டறைக்கான வழிகாட்டி இது. புதிதாகத் தொடங்குபவர்களில் பாதிப் பேர் பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய டேங்கைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பொருந்துகிற பம்பையும் மோட்டாரையும் பிறகு தேடுகிறார்கள். வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்கு, அடுத்து கரண்ட், அதற்கப்புறம் பம்ப், கடைசியில்தான் டேங்க்.

1. காற்றுக் கணக்கு: கன்னை வைத்துப் போடாதீர்கள்

பெயின்ட் அடிக்கத்தான் கம்ப்ரசர் என்று நினைத்து, ஸ்பிரே கன்னின் தேவையை மட்டும் பார்த்து மெஷின் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றை விட்டு அடிக்கிற ஸ்பிரே கன்) ஒன்றுக்கு ஏறக்குறைய 9 முதல் 15 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று போகும். ஆனால் பெயின்டர் ஒரு கோட் அடிப்பார், பத்துப் பதினைந்து நிமிடம் காய விடுவார், மறுபடி அடிப்பார். இடையில் மெஷினுக்கு ஓய்வு உண்டு.

காற்றைக் குடிக்கிறது ஏர் சாண்டர்தான். பட்டி தேய்க்கிற டிஏ சாண்டர் (சுற்றிக்கொண்டே அதிர்கிற வட்டத் தேய்ப்பான்) தொடர்ந்து ஓடினால் 12 முதல் 16 சிஎஃப்எம் வரை இழுக்கும். ஒரு பானட்டுக்கு பட்டி தேய்க்கிறவர் அரை மணி நேரம் கையை எடுக்க மாட்டார். கேட்லாக்கில் 4 சிஎஃப்எம் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல கேட்லாக்குகளில் அது, கருவி நிமிடத்தில் கால் பங்கு நேரம்தான் ஓடும் என்று வைத்துப் போட்ட சராசரி. சாண்டருக்கு அது பொருந்தாது. இம்பாக்ட் ரெஞ்சுக்குப் பொருந்தும், ஏனென்றால் அது நாலு நொடி ஓடி நிற்கிற கருவி.

ஆகவே கணக்கு இப்படி: தொடர்ந்து ஓடுகிற கருவிகளில் எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று எழுதுங்கள். அவற்றின் தொடர் ஓட்டத் தேவையைக் கூட்டுங்கள். அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் பங்கு லீக்கேஜுக்கும், கையில் கிடைத்தால் ஓயாமல் தூசி ஊதுகிற ப்ளோ கன்னுக்கும்.

கன் மட்டும் அல்லது சாண்டர் மட்டும் என்றால் 15 முதல் 17 சிஎஃப்எம் போதும். அது 5 எச்பி மெஷின். இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் கணக்கு 25-ஐத் தாண்டும், 7.5 எச்பிக்கு மேல் போக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இந்த அளவுப் பட்டறைக்கு ஒரு கரண்ட் சாண்டர் வாங்கிக்கொண்டு 5 எச்பியில் நிற்பது லாபம். காற்றை அழுத்துவதற்குச் செலவாகும் கரண்டில் பெரும் பகுதி சூடாகவே வீணாகிறது. அந்தக் காற்றில் சாண்டர் சுற்றுவதைவிட நேராக மோட்டாரில் சுற்றுவது மலிவு. தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற இடத்தில் மட்டும் கரண்ட் சாண்டரைக் கொண்டுபோகக் கூடாது.

2. கரண்ட் என்ன இருக்கிறது

5 எச்பி என்றால் த்ரீ பேஸ். சிங்கிள் பேஸில் 3 எச்பிக்கு மேல் போனால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற ஆம்பியர், சாயங்கால லோ வோல்டேஜில் மோட்டாரை முனக வைத்து, கெப்பாசிட்டரைக் கொன்றுவிடும். 3 எச்பி மெஷின் தருவது 9 அல்லது 10 சிஎஃப்எம். டச்சப் வேலைக்குச் சரி, முழு வண்டிக்குத் திணறும்.

இடம் வாடகைக்குப் பிடிக்கும்போதே த்ரீ பேஸ் சர்வீஸ் இருக்கிறதா, அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈபி கார்டில் பாருங்கள். கம்ப்ரசரோடு வெல்டிங் மெஷினும் அதே லைனில் ஓடப்போகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகு லோடு ஏற்றக் கேட்டு அலைகிறவர்கள் அதிகம்.

3. மொத்தமாக வாங்குவதா, தனித்தனியாக வாங்கிப் பூட்டுவதா

கையில் பணம் இருந்து, வேலையும் காத்திருந்தால், தயாராகக் கிடைக்கிற 5 எச்பி டூ ஸ்டேஜ் (காற்றை இரண்டு கட்டமாக அழுத்துகிற) மெஷினை வாங்கிவிடுங்கள். நல்ல மோட்டார் ஒன்று கையில் இருந்தாலோ, நிலைமை நன்றாக உள்ள பழைய பம்ப் கிடைத்தாலோதான் பூட்டுவதில் மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பூட்டினால் மிஞ்சுவது சொற்பம், வாரண்டியும் போய்விடும்.

ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கலாமா என்று கேட்பார்கள். அது நாள் முழுக்க ஓடுகிற இடத்துக்கானது. விட்டுவிட்டு ஓடினால் எண்ணெய் போதுமான சூட்டுக்கு வராது, உள்ளே ஈரம் தங்கி எண்ணெயைக் கெடுக்கும். சின்னப் பட்டறைக்கு பிஸ்டன்தான்.

4. பம்பைத் தேர்வு செய்தல்

சிங்கிள் ஸ்டேஜ் பம்ப் காற்றை ஒரே மூச்சில் 8 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு 8 கிலோ அழுத்தம்) அழுத்துவதால் அதிகம் சூடாகும். சூடான காற்று கூடுதல் ஈரத்தையும் எண்ணெய் ஆவியையும் லைனுக்குக் கொண்டுபோகும். டூ ஸ்டேஜில் பெரிய சிலிண்டர் பாதி வேலையைச் செய்து, இடையில் இருக்கிற இன்டர்கூலர் குழாயில் ஆறவைத்து, சின்ன சிலிண்டருக்கு அனுப்புகிறது. பெயின்ட் வேலைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும்.

பிளேட்டில் எழுதியிருக்கும் சிஎஃப்எம் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளுகிற கொள்ளளவுதான். வெளியே கிடைக்கிற காற்று அதில் முக்கால் பங்கு வந்தாலே நல்ல பம்ப். விற்கிறவரிடம் 'எஃப்ஏடி எவ்வளவு' என்று கேளுங்கள், உண்மையில் வெளியே கிடைக்கிற அந்தக் காற்றின் அளவுக்குத்தான் அந்தப் பெயர். பதில் வராவிட்டால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, 80 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 70 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்கிற நீளம்), இரண்டு பெரிய சிலிண்டர், 800 ஆர்பிஎம்:

0.785 × 8 × 8 × 7 = ஏறக்குறைய 352 சிசி. இரண்டு சிலிண்டருக்கு 704 சிசி. 800-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 563 லிட்டர். ஒரு சிஎஃப்எம் என்பது 28.3 லிட்டர், ஆகவே 20 சிஎஃப்எம். முக்கால் பங்கு 15.

இதில் சின்ன சிலிண்டரைச் சேர்க்கவே கூடாது. அது புதிதாகக் காற்றை இழுப்பதில்லை, பெரியது கொடுத்ததைத்தான் மறுபடி அழுத்துகிறது. மூன்றையும் கூட்டிச் சொல்லி விற்பவர்கள் உண்டு.

பழைய பம்ப் என்றால் மூன்று சோதனை. ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பேரிங்கில் ஆட்டம் தெரியக் கூடாது. ஹெட்டைக் கழற்றி வால்வு பிளேட்டைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் படிவு இயல்பு. கறுத்து, பொருக்குத் தட்டியிருந்தால் ரொம்ப நாள் சூட்டில் அல்லது தவறான எண்ணெயில் ஓடியிருக்கிறது. கடைசியாக, ஓட்டச் சொல்லி வெளியேறும் வாயருகே வெள்ளைத் தாளை ஒரு நிமிடம் பிடியுங்கள். தாளில் எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் ரிங் போயிருக்கிறது. ரிங் மாற்றுகிற செலவைக் கழித்து விலை பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

5. டேங்க்: இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள்

வெல்டிங் தெரிந்தவர் நிறைந்த தொழில் இது. அதனால்தான் ஆபத்து. 500 மி.மீ. விட்டமுள்ள டேங்கின் மூடி மீது 10 கிலோ அழுத்தத்தில் விழுகிற விசை ஏறக்குறைய 20 டன். அந்த விசையை ஒரு வெல்டிங் தையல் தாங்கிக்கொண்டிருக்கிறது. எல்பிஜி சிலிண்டரை வெட்டி ஒட்டுவதும், துருப்பிடித்து ஒழுகுகிற டேங்கின்மேல் பட்டை வைத்து அடைப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு இடத்தில் துரு ஓட்டை போட்டிருந்தால் பக்கத்தில் தகடு ஏற்கெனவே காகிதமாகியிருக்கும்.

ஏர் ரிசீவருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 7938. அதன்படி செய்து, வேலை அழுத்தமும் சோதனை அழுத்தமும் பொறித்த பிளேட்டோடு வருகிற டேங்கை வாங்குங்கள். பழைய டேங்க் என்றால், வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர் நிரப்பிச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். காற்றில் சோதிக்கக் கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் சுருங்காது, அதனால் டேங்க் விரிந்தாலும் ஒரு பீச்சோடு அடங்கிவிடும். காற்றென்றால் தகடு பறக்கும்.

அளவு? 5 எச்பிக்கு 220 அல்லது 250 லிட்டர். 'பெரிய டேங்க் போட்டால் சின்ன மெஷினே போதும்' என்பார்கள். போட்டுப் பாருங்கள்: 220 லிட்டர் டேங்க் 8 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு இறங்கும்போது தருகிற காற்று 660 லிட்டர். 9 சிஎஃப்எம் தருகிற 3 எச்பி மெஷினில் 14 சிஎஃப்எம் சாண்டரை ஓட்டினால் பற்றாக்குறை நிமிடத்துக்கு 140 லிட்டர் சொச்சம். நாலரை நிமிடத்தில் கதை முடிந்தது. டேங்க் நேரம் வாங்கித் தரும், காற்றைத் தராது.

6. மோட்டார், புல்லி, பெல்ட்

த்ரீ பேஸ், 1440 ஆர்பிஎம், 5 எச்பி. ஃபுல் லோடில் ஏழு, ஏழரை ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ரிலேயைக் கூட்டி வைப்பது, ஃப்யூஸுக்குப் பதில் கம்பி கட்டுவது மாதிரி. சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரும் போடுங்கள். ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடி எரிந்த மோட்டார்களால்தான் ரீவைண்டிங் கடைகள் பிழைக்கின்றன.

புல்லி அளவு எளிய கணக்கு: ஃப்ளைவீல் விட்டம் × பம்பின் வேகம் ÷ மோட்டார் வேகம். ஃப்ளைவீல் 16 அங்குலம், பம்ப் 800 ஆர்பிஎம் என்றால் 8.9 அங்குலம் வரும். 9 அங்குலப் புல்லி போட்டால் 810, 8 அங்குலம் போட்டால் 720. பம்ப் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டாமல் இருக்கிற புல்லியைப் போடுங்கள். காற்று பத்தவில்லை என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக்குகிறார்கள். அப்போது பம்ப் வேகத்தோடு மோட்டார் லோடும் ஏறும், வால்வு ரீடு சூட்டில் ஒடியும். காற்று பத்தாததற்குக் காரணம் பெரும்பாலும் லீக்கேஜ் அல்லது அடைத்த ஃபில்டர்.

இரண்டு பெல்ட் ஓடுகிற புல்லியில் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியில் மாற்ற வேண்டும். புதிதும் பழையதுமாகப் போட்டால் புதியது ஒன்றே முழுச் சுமையையும் இழுக்கும். நேர் பார்க்க, இரண்டு புல்லியின் முகத்தின் குறுக்கே நூலைப் பிடியுங்கள், நாலு இடத்திலும் தொட வேண்டும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவு இறங்க வேண்டும். கார்டு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

7. பம்பிலிருந்து டேங்க் வரை

இந்தப் பகுதியில் வரிசை மாறினால் விபத்து. பம்பிலிருந்து வெளியேறும் குழாய் செம்பாகவோ ஸ்டீலாகவோ இருக்கட்டும். அங்கே காற்று நூறு டிகிரியைத் தாண்டும், ரப்பர் ஓஸ் நிற்காது. குழாய் டேங்கைத் தொடும் இடத்தில் என்ஆர்வி (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு). அதற்கும் பம்புக்கும் நடுவில் அடைக்கிற வால்வு எதையும் வைக்காதீர்கள். யாராவது மூடிவிட்டு மெஷினைப் போட்டால் அழுத்தம் போக இடமில்லாமல் ஹெட் வெடிக்கும்.

பிரஷர் ஸ்விட்சை டேங்கில் பொருத்தி, 6 கிலோவில் ஆன், 8 கிலோவில் ஆஃப் என்று வையுங்கள். 10 கிலோ வேண்டாம். கன்னுக்கு 2 கிலோவும் சாண்டருக்கு 6 கிலோவும்தான் தேவை, மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வீண் கரண்ட். ஸ்விட்சில் இருக்கிற அன்லோடர் வால்விலிருந்து ஒரு சின்னக் குழாய் என்ஆர்வியின் பம்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். மெஷின் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் அது வேலை செய்கிறது. அந்தக் காற்று வெளியேறாவிட்டால் அடுத்த முறை மோட்டார் அழுத்தத்துக்கு எதிராக ஸ்டார்ட் ஆக வேண்டியிருக்கும், ஓவர்லோடு அடிக்கும். 'புஸ்' நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஸ்விட்சைச் சந்தேகப்படாதீர்கள். என்ஆர்வியில் அழுக்கு உட்கார்ந்து டேங்க் காற்று பின்னால் வருகிறது.

சேஃப்டி வால்வு நேராக டேங்கில். நடுவில் காக் வால்வு கூடாது. அது திறக்கிற அழுத்தம் ஸ்விட்ச் நிற்கிற அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே, டேங்க் பிளேட்டில் உள்ள வேலை அழுத்தத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பம்ப் தருகிற முழுக் காற்றையும் அது வெளியே விட முடிகிற அளவா என்றும் பாருங்கள்.

8. எங்கே வைப்பது

பெயின்ட் அடிக்கிற இடத்தில் வைக்கவே கூடாது. பிரஷர் ஸ்விட்சிலும் ஸ்டார்ட்டரிலும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும், சுற்றிலும் தின்னர் ஆவி. பட்டி தேய்க்கிற இடமும் ஆகாது, அந்தத் தூளை ஃபில்டர் இழுத்து அடைத்துக்கொள்ளும். சுவருக்கு வெளியே நிழலில், மழை படாமல், மேலே ஷீட் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். ஃப்ளைவீல் பக்கம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்க வேண்டும், அதன் இறக்கைகள்தான் பம்புக்கு விசிறி.

காலுக்கு அடியில் ரப்பர் பேடு போதும். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் அதிர்வு டேங்க் காலின் வெல்டிங்கில் இறங்கி விரிசல் விடும். மோட்டாருக்கும் டேங்குக்கும் எர்த் கட்டாயம்.

9. முதல் ஓட்டமும் அளவும்

கம்ப்ரசர் எண்ணெய் ஊற்றுங்கள், கண்ணாடியில் நடுக்கோடு வரை. வண்டி இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் உள்ள டிடர்ஜன்ட் வால்வில் கரியாகப் படியும்.

மோட்டாரை அரை நொடி தட்டி, ஃப்ளைவீல் அம்புக்குறிப் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்றில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று வரும், அதனால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் விசிறி காற்றை எதிர்ப்புறம் தள்ளி, பம்ப் வெந்துவிடும். திசை சரியானதும் டேங்க் வால்வைத் திறந்துவைத்து அரை மணி நேரம் சும்மா ஓட்டுங்கள்.

அப்புறம்தான் அளவு. வெளியே போகிற வால்வை மூடுங்கள். கேஜ் 6 கிலோவிலிருந்து 8 கிலோவுக்கு ஏறுகிற நேரத்தைச் செல்போனில் பாருங்கள். 220 லிட்டர் டேங்கில் 2 கிலோ ஏற 440 லிட்டர் காற்று வேண்டும். 62 நொடியில் ஏறினால் உங்களுக்கு 15 சிஎஃப்எம் கிடைக்கிறது. ஒன்றரை நிமிடம் ஆனால் பத்துதான். தயாராக வாங்கிய மெஷினையும் இப்படி அளந்துவிட்டே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

10. பைப் லைனும் தண்ணீரும்

பெயின்ட் கெடுவதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஐப்பசி மழைக் காற்றில், 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 15 சிஎஃப்எம் மெஷின் ஒரு மணி நேரத்தில் 25 கன மீட்டர் இழுக்கும். உள்ளே போகிற தண்ணீர் 600 கிராம். டேங்கில் 40 டிகிரிக்கு ஆறினால் அதில் 450 கிராம் அளவு திரவமாக அடியில் நிற்கும். மீதி ஆவியாகவே லைனுக்குள் போய், குளிர்ந்த இடத்தில் சொட்டாகிறது. 2கே கிளியரில் (இரண்டு பாகம் கலந்து அடிக்கிற மேல் பூச்சில்) ஹார்டனராக இருக்கிற ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு உண்டாகி, கொப்புளமும் ஊசித் துளையுமாகப் பரப்பு கெடும்.

இதனால் வாட்டர் ட்ராப்பை டேங்க் வாயிலேயே மாட்டுவதில் பயனில்லை. அங்கே தண்ணீர் இன்னும் ஆவி, ட்ராப் அதைப் பிடிக்காது. ஏழெட்டு மீட்டர் இரும்பு பைப்பில் ஆறிய பிறகு மாட்டுங்கள்.

மெயின் லைன் 1 அங்குல ஜிஐ. டேங்கிலிருந்து ஒரு சின்ன ஃப்ளெக்ஸிபிள் ஓஸ், பிறகு நேராக மேலே, அப்புறம் சுவரோரமாக மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம். கடைசி முனையில் ஒரு ட்ரெய்ன். கீழே இறங்கும் ஒவ்வொரு கிளையையும் மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்து இறக்க வேண்டும். நேராக அடியில் டீ போட்டால் அடியில் ஓடுகிற தண்ணீர் அப்படியே கன்னுக்கு வரும். பிளம்பர்கள் தண்ணீர் லைன் பழக்கத்தில் அடியில்தான் போடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

பிவிசி பைப் மலிவு, பலர் போட்டிருக்கிறார்கள். உடைந்தால் கூரான துண்டுகளாகச் சிதறும், எப்போது என்று சொல்லாது. போடாதீர்கள்.

முழு வண்டி பெயின்ட் வழக்கமாக எடுப்பீர்கள் என்றால் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் ஒன்று வாங்குவது வீண் போகாது. நம் ஊர்ச் சூட்டில் டிரையரின் திறன் குறையும், ஆகவே 15 சிஎஃப்எம் மெஷினுக்கு 20-25 சிஎஃப்எம் டிரையராக எடுங்கள். தள்ளிப்போட வேண்டுமானால் அதற்கான இடத்தையும் இரண்டு யூனியனையும் (பைப்பைக் கழற்றி மாட்டுகிற இணைப்பு) இப்போதே விட்டுவையுங்கள்.

11. கன்னுக்கு முன்னால்

பெயின்ட் கிளைக்கு மட்டும் தனி ரெகுலேட்டர், எண்ணெய் பிடிக்கிற கோலெசிங் ஃபில்டர். சாண்டருக்கும் ரெஞ்சுக்கும் எண்ணெய் ஊட்டுகிற லூப்ரிகேட்டர் வேறு கிளையில் இருக்கட்டும். அந்தக் கிளையின் ஓஸையும் கன்னுக்கு மாட்டக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெய் வந்து பெயின்டில் மீன் கண் (வட்ட வட்டமான சின்னப் பள்ளம்) போடும். ஓஸில் நிறம் வைத்துப் பிரியுங்கள், பையன்கள் மறந்துவிடுவார்கள்.

ஓஸ் 10 மி.மீ. உள்விட்டம் வேண்டும். 6 மி.மீ. ஓஸும் சின்ன கப்ளரும் போட்டுவிட்டு 'கன் சரியில்லை' என்று கன்னை மாற்றுகிறார்கள். கன் கைப்பிடியில் ஒரு சின்ன கேஜ் மாட்டி, ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்தபடி 2 கிலோ வருமாறு ரெகுலேட்டரைத் திருப்புங்கள். ட்ரிகரை விட்ட நிலையில் வைத்த 2 கிலோ, இழுத்ததும் ஒன்றரைக்கு விழும். ஆரஞ்சுத் தோல் மாதிரி பரப்பு வருவது பாதி நேரம் இதனால்தான்.

12. தினமும், வாரமும், மாதமும்

சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் டேங்க் ட்ரெய்னைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். வாரம் ஒரு முறை ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, எண்ணெய் மட்டம் பாருங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். முதல் எண்ணெய் மாற்றம் சீக்கிரம் வரும், 50 மணி நேர ஓட்டத்தில். அதன் பிறகு பம்ப் புத்தகத்தில் உள்ளபடி. மாதம் ஒரு முறை சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்து, ஊதுகிறதா, விட்டதும் சரியாக மூடுகிறதா என்று பாருங்கள்.

லீக்கேஜ் பார்க்க நல்ல நேரம், கடை அடைத்த பிறகு. டேங்க் 8 கிலோவில் இருக்கும்போது மெஷினை ஆஃப் செய்து, எல்லாக் கருவியையும் கழற்றி, லைன் வால்வைத் திறந்தே வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கேஜ் 7-க்கு வந்துவிட்டால், 220 லிட்டர் டேங்கில் நிமிடத்துக்கு 22 லிட்டர், கிட்டத்தட்ட முக்கால் சிஎஃப்எம், எங்கோ போகிறது. சோப்பு நுரையை முதலில் கப்ளர்களில் தடவுங்கள், அடுத்து ஃபில்டர் கிண்ணத்தின் ட்ரெய்ன். பைப் த்ரெட்டுக்குக் கடைசியாகப் போனால் போதும்.